அணைய மறுக்கும் சிவப்பு விளக்கு

காரில் ஏறிச் சாவியைத் திருப்பியதும் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிடுகிறது. நாள்தோறும் காணும் காட்சியாதலால் நாம் அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் எஞ்சின் ஓடும்போதும் அது அணையாமல் நின்றால்தான் நமக்குக் கவலை பிறக்கிறது. ‘ஆல்டர்னேட்டர் போய்விட்டது’ என்று உடனே தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பாக முடிவதுண்டு. புத்தம் புதிய கார்களில் கோளாறைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறி உதவுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கார்களிலோ அந்தச் சிவப்பு விளக்கே நமக்கு முதல் சாட்சி. அது சொல்வதைப் புரிந்துகொள்ளாவிட்டால் நல்ல பொருளைக் கெட்டது என்று தூக்கி எறிந்துவிடுவோம். அதைவிட மோசமாக, சோதித்துப் பார்க்கிறோம் என்ற பெயரில் நல்லதை நாமே கெடுத்தும்விடுவோம்.

என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவரிடம் 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட சிறு கார் அது. பழைய கார்களைப் போற்றுவோரிடையே இன்றும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு மாலைப் பொழுதில் நண்பர் முகப்பு விளக்குகளைப் போட்டதும் சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்கிற்று. முகப்பு விளக்குகளை அணைத்தால் அதுவும் அணைந்தது. மறுநாள் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்த முதியவர் சிறு வயது முதலே கார்களோடு பழகியவர், கைராசிக்காரர். “தம்பி, எஞ்சினை ஓட விடுங்க. நான் பாட்டரி கம்பியைக் கழட்டுறேன். ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தா வண்டி நிக்காம ஓடும்” என்றார். கழற்றினார். எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. “பாத்தீங்களா, ஆல்டர்னேட்டர் செத்துப் போச்சு.” கம்பியைத் திரும்ப மாட்டி வண்டியை ஓட்டியபோது, முன்பு மங்கலாக எரிந்த சிவப்பு விளக்கு இப்போது பளிச்சென்று எரிந்தது. முதியவர் சொன்னது மெய்யாகிவிட்டது என்றே நண்பரும் நம்பினார்.

உண்மை என்னவென்றால், அந்தக் கம்பியைக் கழற்றும்வரை ஆல்டர்னேட்டரில் ஒரு பழுதும் இல்லை. சோதனைதான் அதைக் கெடுத்தது. கெட்டுப்போன நிலையையே பழுதுக்குச் சான்றாகவும் காட்டிவிட்டது! முதியவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தொழில் கற்ற காலத்தில் கார்களில் இருந்தது ஆல்டர்னேட்டர் அன்று, டைனமோ. டைனமோவுக்கு அந்தச் சோதனை பொருந்திற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த கதை

கம்பிச்சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். காந்தம் அசைந்தாலும் சரி, சுருள் அசைந்தாலும் சரி, விளைவு ஒன்றே. டைனமோவில் காந்தம் அசையாமல் நிற்கிறது. அதன் நடுவே கம்பிச்சுருள் சுழல்கிறது. பிறந்த மின்சாரம் முழுவதையும் சுழலும் சுருளிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். இதற்காகச் சுருளின் அச்சில் செப்புத் துண்டுகளால் ஆன ஒரு வளையமும், அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் கரித் துண்டுகளும் உண்டு. அவ்வளையத்துக்குக் கம்யூட்டேட்டர் என்றும், கரித் துண்டுகளுக்குப் பிரஷ் என்றும் பெயர். இருபது ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் உரசலின் வழியே பாய்வதென்றால் சும்மாவா? பொறி பறக்கும், சூடேறும், கரி தேயும். வேகமாகச் சுழற்றினால் சுருளே பிய்த்துக்கொண்டு வெளியேறும் அபாயமும் உண்டு. ஆகவே டைனமோவை ஓர் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவதில்லை. இதன் பலன், எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை என்பதுதான். தொடக்க கால அம்பாசடர் கார்களில் டைனமோதான் இருந்தது. இரவில் லெவல் கிராசிங்கில் நிற்கும்போது முகப்பு விளக்குகள் மங்கிப் போனதை அக்காலத்து ஓட்டுநர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆல்டர்னேட்டரில் இந்த ஏற்பாடு தலைகீழ். இங்கே சுருள்கள் அசையாமல் நிற்கின்றன, காந்தம் சுழல்கிறது. சுழலும் அக்காந்தம் இயற்கைக் காந்தம் அன்று. ஒரு சுருளும் அதைச் சுற்றி நகங்களைப் போல் கோத்த இரும்புத் துண்டுகளும் சேர்ந்த மின்காந்தம். இதனைச் சுழலி என்போம். இதற்கு ஊட்ட வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ 3 ஆம்பியர் மட்டுமே. பிரஷ்கள் அந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும் சுமந்தால் போதும். அவை உரசுவதும் வழவழப்பான இரண்டு வளையங்களின்மீது. பெரிய மின்னோட்டமோ அசையாத சுருள்களிலிருந்து அமைதியாக வெளியேறுகிறது. ஆகவே ஆல்டர்னேட்டரை அச்சமின்றி வேகமாகச் சுழற்றலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது ஓரளவு மின்சாரம் தந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு நல்ல பொறியைத் தொடக்கத்திலேயே காரில் வைத்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். அதிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரிக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மலிவான, சிறிய, சூடு தாங்கும் கருவி நெடுங்காலம் கிடைக்கவில்லை. சிலிக்கான் டயோடு வந்த பிறகே வழி பிறந்தது. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா? டயோடும் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் 1960ஆம் ஆண்டு வேலியண்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரையே பொருத்தி விற்றது. எம்.ஜி.பி. காரில் இம்மாற்றம் 1967ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அதுவரை 22 ஆம்பியர் தரும் டைனமோ இருந்த இடத்தில் லூக்காஸ் ஆல்டர்னேட்டர் அமர்ந்தது. நண்பரின் காரில் உள்ளது லூக்காஸ் 16 ஏ.சி.ஆர். என்னும் வகை, 34 ஆம்பியர் தரவல்லது. அந்த மாற்றத்தின்போதே மற்றொன்றும் மாறிற்று. அதற்கு முன் பாட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் எதிர்முனை இணைக்கப்பட்டது. பழைய பழக்கத்தில் யாரேனும் பாட்டரியை மாற்றி மாட்டிவிட்டால் டயோடுகள் அக்கணமே வெந்துவிடும்.

இந்த வகை ஆல்டர்னேட்டரில் மூன்று சுருள்களும் ஒன்பது டயோடுகளும் உள்ளன. ஆறு பெரிய டயோடுகள் பாட்டரிக்கும் விளக்குகளுக்கும் உரிய மின்சாரத்தை நேர்திசையாக்குகின்றன. மீதி மூன்று சிறியவை, சுழலியின் சுருளுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த ஆல்டர்னேட்டரிலிருந்தே எடுத்துத் தருகின்றன. சுழலிக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, வெளிவரும் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர் என்னும் சிறு பெட்டியின் வேலை. அது தீப்பெட்டியை விடச் சிறியது. ஆல்டர்னேட்டரின் பின்புறக் கறுப்பு மூடிக்குள் இருக்கிறது.

விதைநெல்லாக ஒரு விளக்கு

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சுழலியில் மின்னோட்டம் இருந்தால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். மின்சாரம் பிறந்தால்தான் சுழலிக்கு மின்னோட்டம் கிடைக்கும். மரம் முந்தியா, விதை முந்தியா?

விதையைத் தருவது அந்தச் சிவப்பு விளக்குத்தான். சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் சிவப்பு விளக்கின் வழியாகச் சென்று, பிரஷ், சுழலியின் சுருள், ரெகுலேட்டர் ஆகியவற்றைக் கடந்து எர்த்தை அடைகிறது. விளக்கு 2.2 வாட் அளவினது. 12 வோல்ட்டில் அது விடும் மின்னோட்டம் 0.18 ஆம்பியர், முழு அளவான 3 ஆம்பியரில் பதினாறில் ஒரு பங்கு. ஆயினும் சுழலியை இலேசாகக் காந்தமாக்க அது போதும். எஞ்சின் ஓடியதும் அந்தச் சிறு காந்தம் சிறு மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது; அம்மின்சாரம் சிறு டயோடுகளின் வழியே சுழலிக்குச் சென்று காந்தத்தை வலுவாக்குகிறது; வலுவான காந்தம் இன்னும் அதிக மின்சாரத்தைத் தருகிறது. கண் இமைப்பதற்குள் ஆல்டர்னேட்டர் தன் காலில் தானே நிற்கத் தொடங்கிவிடுகிறது.

அப்போது விளக்கு ஏன் அணைகிறது? அதன் ஒரு முனை சாவியின் வழியே பாட்டரியோடு இணைந்துள்ளது. மறுமுனை ஆல்டர்னேட்டரின் சிறு டயோடுகளோடு இணைந்துள்ளது. எஞ்சின் ஓடாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஏறக்குறைய சுழி, ஆகவே எரிகிறது. எஞ்சின் ஓடும்போது இரு பக்கமும் 14 வோல்ட். இரண்டு தொட்டிகளில் நீர் ஒரே மட்டத்தில் நின்றால் இடையிலுள்ள குழாயில் ஓட்டம் ஏது? விளக்கை யாரும் அணைப்பதில்லை. அதற்கு இருபுறமும் சமநிலை வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனவே அந்த விளக்கு ‘மின்சாரம் பாட்டரிக்குப் போகிறது’ என்றோ ‘போகவில்லை’ என்றோ நேராகச் சொல்வதில்லை. இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு உண்டா, இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

விளக்கு பேசும் மொழி

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ‘பல்பு போயிருக்கும், பிறகு பார்க்கலாம்’ என்பார்கள். ஆனால் பல்பு போனால் விதையும் போயிற்று. சுழலியின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தைக் கொண்டு, எஞ்சினை வேகமாக ஓட்டும்போது ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளலாம், விழிக்காமலும் இருக்கலாம். ஓர் அற்ப பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. குறை எங்கே என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றினால் தடித்த பழுப்பு நிறக் கம்பியும், பழுப்பில் மஞ்சள் கோடிட்ட மெல்லிய கம்பியும் தெரியும். மெல்லியதுதான் விளக்கிலிருந்து வருவது. எஞ்சின் நின்றிருக்க, சாவியை மட்டும் திருப்பி, மெல்லிய கம்பியின் முனையை எஞ்சினின் உலோகப் பரப்பில் தொடச் செய்யுங்கள். இடையில் பல்பு இருப்பதால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயாது. விளக்கு எரிந்தால் பல்பும் கம்பியும் நலம், குறை ஆல்டர்னேட்டருக்குள். எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. தடித்த கம்பியை மட்டும் எதிலும் படவிடக்கூடாது. அது சாவியை எடுத்த பிறகும் பாட்டரியோடு நேரே இணைந்தே இருப்பது. பட்டால் தீப்பொறி பறந்து கம்பியே உருகும்.

குறை உள்ளே என்று தெரிந்தால் முதலில் ஐயுற வேண்டியது பிரஷ்களை. புதிதாக இருக்கும்போது அவை அரை அங்குல நீளம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து வளையத்தைத் தொட முடியாத நிலை வந்தால் சுழலிக்கு மின்னோட்டம் இல்லை. மூடியைக் கழற்றினால் சில திருகாணிகளில் வெளியே வந்துவிடும், விலையும் குறைவு. பிரஷ்கள் நன்றாக இருந்தால், இரு வளையங்களுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். ஏறத்தாழ 4 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுழலியின் சுருள் அறுந்திருக்கிறது.

இனி, எஞ்சின் ஓடும்போது விளக்கு பளிச்சென்று எரிந்தால்? ஆல்டர்னேட்டர் பக்கத்தில் வோல்ட்டே இல்லை என்று பொருள். வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி நேர்ந்தால் தயங்காமல் ஓரங்கட்டி நிறுத்திப் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தது தெரியாமல் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால், பாட்டரி இறங்குவதற்கு வெகு முன்பே எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதி வளைந்து, சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும். பெல்ட் நலமாக இருந்தால் ஓட்டிச் செல்லலாம். எவ்வளவு தூரம்? கணக்கிடுவோம். பற்றவைப்புக்கு மட்டும் ஏறக்குறைய 4 ஆம்பியர் தேவை. முகப்பு விளக்குகளும் மற்றவையும் சேர்ந்தால் 15 ஆம்பியரைத் தாண்டும். பாட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர்-மணி அளவு. பகலில் தேவையற்றவற்றை அணைத்துவிட்டால் பல மணி நேரம் ஓட்டலாம். இரவில் ஏட்டுக் கணக்கு நான்கு மணி நேரம் என்று சொன்னாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பக்கூடாது. பாட்டரி இறங்க இறங்க விளக்குகள் மங்கி, கடைசியில் பற்றவைப்பும் தடுமாறும்.

பெல்ட் அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை; தளர்ந்திருந்தாலும் தொல்லைதான். அதன் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் சுமை ஏறும்போது வழுக்கும். மிக இறுக்கமாக வைத்தால் பேரிங்குகள் கெடும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் அருகே கையையோ துண்டின் நுனியையோ கொண்டுபோகக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விளக்கு பேசுவதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்த பிறகு சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்! பேய் பிசாசு ஒன்றும் இல்லை. பெரிய டயோடுகளில் ஒன்று தன் வால்வுத் தன்மையை இழந்து இரு திசைகளிலும் மின்னோட்டத்தை விடத் தொடங்கியிருக்கிறது. பாட்டரியின் மின்சாரம் அந்த டயோடின் வழியே பின்னோக்கி ஆல்டர்னேட்டருக்குள் புகுந்து, சிறு டயோடுகளைக் கடந்து, விளக்கின் மறுமுனைக்கு வந்து சேர்கிறது. வழக்கமாக வரும் பாதைக்கு நேர் எதிர்ப்பாதை! அதே மின்சாரம் சுழலியின் சுருளிலும் பாய்கிறது. 3 ஆம்பியர் வீதம் ஓர் இரவு, அதாவது 12 மணி நேரம் பாய்ந்தால் 36 ஆம்பியர்-மணி போயிற்று. காலையில் வண்டி கிளம்பாது. ‘ராத்திரி நல்லா இருந்தது, காலையில பாட்டரி இறங்கிடுச்சு’ என்பவர்கள் புதுப் பாட்டரி வாங்குமுன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்க்கட்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான். ஒரு சிறு ஸ்பானரை அதன் பின்புற பேரிங்கின் அருகே கொண்டுபோனால் இழுபடுவதும் தெரியும். சாவி இல்லாதபோது அங்கே காந்தம் இருக்கக்கூடாது.

மீட்டர் கையில் இருந்தால்

விளக்கைக் கொண்டு வழியை அறியலாம். முடிவைச் சொல்ல மல்டிமீட்டர் வேண்டும். இப்போது அது எளிதில் கிடைக்கிறது.

முதலில் எஞ்சின் ஓடாதபோது பாட்டரியை அளக்க வேண்டும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பாட்டரி. 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய காலி. அதை வெளியே எடுத்துச் சார்ஜ் ஏற்றிய பிறகே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும். காலிப் பாட்டரியோடு செய்யும் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி.யில் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு, இருக்கைகளுக்குப் பின்னே தரையின் கீழ் ஒளிந்திருக்கின்றன. விரிப்பை விலக்கி மூடியைத் திறக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சிப் பலர் அளப்பதே இல்லை! இரண்டில் ஒன்று நலிந்திருந்தாலும் ஆல்டர்னேட்டரின் மேல் பழி விழும். ஆகவே இரண்டையும் தனித்தனியே அளப்பது நல்லது.

பிறகு எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் ஓட்டி, பாட்டரியில் மீண்டும் அளக்கவேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் எல்லாம் நலம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. பாட்டரியின் அமிலம் கொதித்து வற்றும். ஓடாதபோது இருந்த அளவிலேயே நின்றால் பாட்டரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. இந்த அளவுகளை விளக்குகள் ஒன்றும் எரியாதபோது ஒரு முறையும், முகப்பு விளக்குகளைப் போட்டு ஒரு முறையும் எடுக்க வேண்டும். ஏனெனில் சில குறைகள் சுமை ஏறினால்தான் வெளிப்படும்.

வந்து சேரவில்லை என்பது வேறு, பிறக்கவில்லை என்பது வேறு. இதைப் பிரித்தறியாமல்தான் நல்ல ஆல்டர்னேட்டர்கள் கழற்றப்படுகின்றன. எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி முனையிலும் மற்றதைப் பாட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். எம்.ஜி.பி.யில் ஒன்று முன்னே, மற்றது பின்னே. நீளமான கம்பி ஒன்றை மீட்டரில் இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். காட்டும் அளவு, வழியில் தொலைந்துபோகும் வோல்ட். அது 0.5க்குள் இருக்க வேண்டும். அவ்வாறே ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 0.25க்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் துருவோ களிம்போ தளர்ந்த இணைப்போ வழியில் குந்திக்கொண்டிருக்கிறது. பழைய கார்களில் இது சர்வசாதாரணம். ஐம்பது ஆண்டு மழையும் தூசியும் செம்பைச் சும்மா விடுமா?

இன்னொரு சோதனையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்குத் திருப்பிப் பாட்டரியில் வைத்தால் மிகச் சிறிய அளவே காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கலாம். நேர்திசையாக்கப்படாத மின்சாரம் கசிந்து வருகிறது. அத்தகைய ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் ஒருவிதமாக முனகவும் செய்யும்.

கம்பியைக் கழற்றியபோது நடந்தது என்ன?

இப்போது நண்பரின் காருக்குத் திரும்புவோம். முகப்பு விளக்குகளைப் போட்டால் மட்டும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது என்றல்லவா சொன்னேன்? ஆல்டர்னேட்டர் பக்கம் 14 வோல்ட் இருந்திருக்கிறது. பாட்டரிப் பக்கம் குறைந்திருக்கிறது. மின்னோட்டம் அதிகமானால் மட்டுமே வேறுபாடு தோன்றியதால், வழியில் எங்கோ மின்தடை இருந்தது தெளிவு. சிவப்பு விளக்கு முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

டைனமோ நாட்களில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். அப்போதும் அது நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன், பல்புகள் எரிந்துபோவதுண்டு. ஆனால் டைனமோவில் இருந்தவை செம்பும் இரும்பும் கரியும். ஒரு நொடி வோல்ட் எகிறினால் அவை பொறுத்துக்கொண்டன. ஆல்டர்னேட்டரில் இருப்பதோ சிலிக்கான்.

பம்புசெட் முழு வேகத்தில் நீரை இறைத்துக்கொண்டிருக்கும்போது வாய்க்காலின் வாயைத் திடீரென்று அடைத்தால் என்ன ஆகும்? மோட்டாரை நிறுத்தினாலும் வந்துகொண்டிருக்கும் நீர் கரையை உடைத்துக்கொண்டு பாயும். பாட்டரி என்பது ஆல்டர்னேட்டருக்கு ஏரி போன்றது. எகிறும் மின்சாரத்தையெல்லாம் உள்வாங்கி வோல்ட்டை மட்டமாக வைத்திருக்கிறது. அதைத் துண்டித்ததும், அதுவரை பாட்டரிக்குச் சென்ற ஆம்பியர்கள் போக்கிடம் இன்றித் தவிக்கின்றன. ரெகுலேட்டர் சுழலியின் மின்னோட்டத்தை உடனே நிறுத்த முயல்கிறது. ஆனால் சுழலி இரும்பில் சுற்றிய பெரிய சுருள். அதில் சேர்ந்துள்ள காந்தப்புலம் கணத்தில் மறையாது. தேய்ந்து மறையச் சிறிது நேரம் எடுக்கும். நமக்கு அது இமைப்பொழுது. டயோடுக்கோ ஒரு யுகம். அந்த இடைவேளையில் 14 வோல்ட் பல பத்து வோல்ட்டுகளாக எகிறிவிடுகிறது. ரெகுலேட்டரோ டயோடுகளோ அதைத் தாங்குவதில்லை.

இதை அறிந்தே லூக்காஸ் பொறியாளர்கள் இவ்வகை ஆல்டர்னேட்டர்களில் பத்தாவதாக ஒரு டயோடையும் வைத்தார்கள். சிறு டயோடுகள் சேரும் இடத்துக்கும் எர்த்துக்கும் இடையே அது காவலிருக்கிறது. வழக்கமாக அது எதுவும் செய்வதில்லை. வோல்ட் ஓர் எல்லையைக் கடந்தால் திறந்துகொண்டு, வெள்ளத்தை எர்த்துக்குத் திருப்பி ரெகுலேட்டரைக் காக்கிறது. வெள்ளம் மிகுந்தால் திறந்தது திறந்தபடியே உருகிவிடும். அதன் பிறகு சுழலிக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் எல்லாம் நேரே எர்த்துக்குப் போகிறது. காந்தம் இல்லை, மின்சாரம் இல்லை, எஞ்சின் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கின் மறுமுனையும் எர்த்தோடு சேர்ந்துவிட்டதால் அது முழு ஒளியுடன் எரிந்தது. முதியவர் கண்டது இதைத்தான்.

காரின் உடலில் வெல்டிங் வைக்கும்போதும் ஆல்டர்னேட்டரின் பிளக்கைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது இதே காரணத்தால்தான். பாட்டரியைத் துண்டித்த பிறகே பிளக்கில் கை வைக்கவேண்டும். இரண்டும் எஞ்சின் நின்ற பிறகு செய்ய வேண்டியவை.

நண்பர் புது ஆல்டர்னேட்டருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அது வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். பாட்டரியைத் துண்டித்துவிட்டு, பின்புறக் கறுப்பு மூடியைக் கழற்றி, அந்தக் காவல் டயோடின் ஒற்றைக் கம்பியை மட்டும் விடுவித்து, முனை எதிலும் படாமல் துணி சுற்றி வைத்தோம். பாட்டரியை இணைத்து எஞ்சினை ஓட்டியதும் சிவப்பு விளக்கு அணைந்தது! ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட். காவல் இல்லாமல் நெடுநேரம் ஓட்டுவது சரியன்று என்பதால் உடனே நிறுத்திவிட்டோம்.

பழைய குறை இன்னும் அங்கேயே இருந்தது. முகப்பு விளக்குகளைப் போட்டு அளந்தபோது ஆல்டர்னேட்டருக்கும் பாட்டரிக்கும் இடையே ஏறக்குறைய 2 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். தடித்த பழுப்புக் கம்பியின் பித்தளை முனை கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தீய்ந்து உருகியிருந்தது. 20 ஆம்பியர் பாயும் இடத்தில் 2 வோல்ட் தொலைந்தால் 40 வாட் சூடு. ஒரு பற்றவைப்பு இரும்பின் சூடு அந்தச் சிறு முனையில்! இன்னும் சில இரவுகள் ஓடியிருந்தால் தீயே பிடித்திருக்கக்கூடும். புது முனைகளை வைத்து இறுக்கி, புதுப் பிளக் ஒன்றும் போட்டோம். காவல் டயோடு தபாலில் வந்து சேர்ந்தது. புது ஆல்டர்னேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

மாட்டிய அன்று மாலை எல்லா விளக்குகளையும் போட்டு, இருக்கைக்குப் பின்னே குனிந்து இரண்டு பாட்டரிகளுக்கும் சேர்த்து அளந்தோம். 13.9 வோல்ட். பட்டறை முதியவரும் வந்திருந்தார். கெட்டுப்போன டயோடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத்தனூண்டா?” என்று கேட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.